வைஃபையும் பொதுச் சொத்துதான்: குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர், பொதுக்குழுவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஃபோன் பார்க்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, கார் நிறுத்தும் இடம், நாய். சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் இந்த நான்கைத் தாண்டுவது அபூர்வம். ஐந்தாவதாக வைஃபையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அது அவரவர் வீட்டு விவகாரம், அவரவர் பணம் கட்டுகிறோம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கம்பி வரைக்கும் அவரவர் விவகாரம்தான். அதைத் தாண்டினால் இல்லை. ராத்திரி எட்டு மணிக்குக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாராவது "உங்களுக்கெல்லாம் நெட் வருதா?" என்று கேட்பதும், உடனே பத்துப் பேர் "ரொம்ப ஸ்லோ" என்பதும், மறுநாள் நாலைந்து வீடுகள் 100இலிருந்து 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுவதும், அடுத்த வாரம் அதே கேள்வி திரும்ப வருவதும் நீங்கள் அறிந்ததே. கேபிளும் ரவுட்டருமாகப் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பணத்தில் பெரும்பகுதி வீண். கோளாறு இருக்கும் இடம் வேறு, நீங்கள் காசு கொட்டும் இடம் வேறு.

நெட் வேறு, வைஃபை வேறு. தெருக் கம்பத்திலிருந்து வரும் கண்ணாடி இழை உங்கள் வாசற்கதவுக்கு மேலே, இபி பாக்ஸ் பக்கத்தில், ஒரு சிறு பெட்டியில் வந்து முடிகிறது. ஒளியாக வருவதை மின்குறியாக மாற்றுவது அதன் வேலை. பல வீடுகளில் ரவுட்டரும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த இழையும் உங்களுக்கு மட்டுமே உரியதன்று. ஜிபான் என்ற முறையில் ஒரே இழையை வழியில் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். எல்லோருக்குமாகச் சேர்த்துக் கீழே வரும் திசையில் நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், மேலே போகும் திசையில் 1.25. ஆனால் எந்த வீடு எந்த நொடியில் அனுப்பலாம் என்று நேரம் ஒதுக்கித் தர மறுமுனையில் ஒரு கருவி உண்டு. அதனால் அங்கே மோதல் இல்லை.

இழை அறுந்தால் பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரியும். அப்போது தயங்காமல் ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். அது எரியவில்லை, ஆனால் படுக்கையறையில் படம் நின்று நின்று வருகிறது என்றால் ஒரு லேப்டாப்பைக் கேபிள் போட்டு நேராகப் பெட்டியில் செருகி வேகத்தை அளந்து பாருங்கள். கேபிளில் 95 வந்து படுக்கையறையில் 6 வந்தால் ஆபரேட்டர் தன் வேலையைச் செய்துவிட்டார் என்று பொருள். 300 திட்டத்துக்கு மாறினால் கேபிளில் 285 வரும். படுக்கையறையில் அதே 6 வரும்.

இனி பெட்டிக்கும் படுக்கையறைக்கும் இடையிலான கடைசிப் பத்து மீட்டருக்கு வருவோம். கம்பி இல்லாமல் கணினிகள் பேசத் தொடங்கிய காலத்திலேயே ஒருவர் பேச்சோடு ஒருவர் பேச்சு மோதும் தொல்லையும் தொடங்கிவிட்டது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிளைகள் பல தீவுகளில் சிதறிக் கிடந்தன. ஹொனலூலுவில் இருந்த கணினியோடு அவற்றை ரேடியோ வழியாக இணைக்க, நார்மன் ஆப்ராம்சனும் குழுவினரும் 1971இல் அலோஹாநெட்டை ஓடவிட்டார்கள். விதி எளிது. சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லிவிடு. 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வராவிட்டால் யாரோ குறுக்கே பேசிவிட்டார்கள். சற்றுப் பொறுத்து மறுபடி சொல். அந்தச் 'சற்று' ஒவ்வொருவருக்கும் வேறாக, குலுக்கல் முறையில் அமைய வேண்டும். இல்லாவிட்டால் மோதிக்கொண்ட இருவரும் ஒரே நேரத்தில் திரும்ப வந்து மறுபடியும் மோதுவார்கள். இப்படி நடத்தினால் ஓர் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதச் சொச்சம்தான் பயன்படும் என்று ஆப்ராம்சனே கணக்குப் போட்டுக் காட்டினார்.

அதைப் படித்துவிட்டு அமெரிக்காவில் பாப் மெட்காஃப் 1973இல் ஈதர்நெட்டை வடித்தபோது, பேசும் முன் கேள், பேசும்போதும் கேள் என்று விதியை இறுக்கினார். கம்பியில் இது முடியும். வைஃபையில் பாதிதான் முடியும். தன் குரல் தன் காதையே அடைத்துவிடுவதால், தான் பேசும் நேரத்தில் தொலைவில் இன்னொருவர் பேசுவது அதற்குக் கேட்காது. ஆகவே அது இன்னும் பவ்வியமாக நடந்துகொள்கிறது. முதலில் கேட்கிறது. அமைதி என்று தெரிந்தால் மேலும் சில மைக்ரோநொடிகள் காத்திருக்கிறது. பிறகு குலுக்கலில் விழுந்த எண்ணிலிருந்து கீழ்நோக்கி எண்ணுகிறது. நடுவில் யாராவது பேசத் தொடங்கினால் எண்ணுவதை நிறுத்திவைக்கிறது. பூஜ்யம் வந்த பிறகே தன் தரவுப் பொட்டலத்தை அனுப்புகிறது. 'கிடைத்தது' என்ற பதில் வராவிட்டால் குலுக்கலின் வீச்சை இரட்டிப்பாக்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறை வாய் திறக்கவும் இத்தனை சடங்கு.

நம் பொதுக்குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மைக், ஒருவர் முடித்த பின்தான் அடுத்தவர். வித்தியாசம் என்னவென்றால், ரவுட்டர்கள் இந்த விதியை உண்மையிலேயே கடைப்பிடிக்கின்றன. மேல்வீட்டு ரவுட்டரின் குரல் காதில் விழுந்தால் உங்கள் வீட்டு ரவுட்டர் வாயை மூடிக்கொள்கிறது. நீங்கள் கட்டுவது 300க்கா 40க்கா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மூன்றாம் மாடியில் ஒரு பழைய ஃபோன், ரவுட்டரிலிருந்து மூன்று சுவர் தள்ளி நின்று திக்கித் திணறிப் பேசுகிறதா? அது முடிக்கும்வரை அதே அலைவரிசையில் இருக்கும் அத்தனை வீடுகளும் காத்திருக்க வேண்டும். உங்கள் நெட் ஆன்டெனாவை விட்டு வெளியே வந்தவுடன் அது எல்லா மாடிகளுக்கும் பொதுவாகிவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான். இந்த மடலைத் தனி வீட்டுக்காரருக்கு எழுதாமல் சங்கத்துக்கு எழுதுவதும் இதனால்தான்.

அலைவரிசைக் கணக்கைச் சொன்னால் நெரிசல் எவ்வளவு என்று புரியும். வைஃபை பழக்கமாகக் குடியிருப்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸில். நம் நாட்டில் அங்கே 1 முதல் 13 வரை எண்ணிட்ட அலைவரிசைகள் இருக்கின்றன. பதின்மூன்றா என்று மகிழ வேண்டாம். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு வைஃபைப் பேச்சுக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆகவே ஒன்றை ஒன்று தொடாமல் நிறுத்த வழக்கமாகக் கொள்பவை மூன்றே: 1, 6, 11.

இங்கேதான் சில கெட்டிக்காரர்கள் வருகிறார்கள். "எல்லோரும் 6இல் கிடக்கிறார்கள், நான் 8இல் வைத்துக்கொள்கிறேன்." இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஒரே எண்ணில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொண்டு முறை வைத்துப் பேசுவார்கள். 8இல் இருப்பவர் பேச்சு 6இல் இருப்பவருக்குப் பேச்சாகவே தெரியாது, இரைச்சலாக விழும். 11இல் இருப்பவருக்கும் அப்படியே. அவர் ஒருவர் ஒதுங்கிக்கொள்ள, இரண்டு கூட்டம் கெடுகிறது. இன்னொரு வகையினர், அமைப்புப் பக்கத்தில் 40 மெகாஹெர்ட்ஸ் என்று கண்டவுடன் கூடுதல் வேகம் என்று தட்டிவிடுகிறார்கள். மொத்த வெளியே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான், அதில் ஏறக்குறைய பாதியை ஒரே வீடு வளைத்துப்போடுகிறது. சொந்த வேலிக்குள் தோட்டம் சூழ்ந்த வீடு என்றால் பரவாயில்லை. மாடிக்கு ஆறு வீடு இருக்கும் இடத்தில் இதை நான் அராஜகம் என்றே சொல்வேன்.

யாரும் எதையும் பார்க்காமல் சும்மா இருக்கும்போதும் காற்று சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு ரவுட்டரும் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை தன் பெயரை அறிவித்துக்கொண்டே இருக்கும், அதுவும் பெரும்பாலும் தனக்குத் தெரிந்த மிக மெதுவான வேகத்தில், பழைய கருவிகளுக்கும் புரிய வேண்டுமே என்று. ஓர் அலைவரிசையில் 20 ரவுட்டர்களின் குரல் கேட்டால் நொடிக்கு 200 அறிவிப்பு. விருந்தாளிகளுக்கென்று இரண்டாவது பெயர் ஒன்றை வைத்திருப்பவர் இரண்டு முறை அறிவிக்கிறார். வந்து போகும் மாமனாருக்காக வருடம் முழுக்க அதை ஓடவிட வேண்டுமா என்று யோசியுங்கள். போதாக்குறைக்கு நொடிக்கு 1,600 முறை இடம் தாவும் புளூடூத்தும், 2.45 ஜிகாஹெர்ட்ஸில் குழம்பு சுடவைக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே வெளியில்தான்.

இதற்குப் போலீஸ் கிடையாது. 2005இல் மத்திய அரசு 2.4 ஜிகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 2018இல் 5 ஜிகாஹெர்ட்ஸில் பெரிய பகுதியையும் திறந்தது. நல்ல முடிவுகள். ஆனால் உரிமம் இல்லாத இடத்தில் உரிமையும் இல்லை: பக்கத்து வீட்டால் உங்களுக்குக் குறுக்கீடு என்றால், பாதுகாப்புக் கேட்டு எங்கும் மனு போட முடியாது. பேசித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேசித் தீர்க்க ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கிறதே, சங்கம்!

5 ஜிகாஹெர்ட்ஸைப் பற்றி ஒரு குறை அடிக்கடி சொல்வார்கள்: சுவரைத் தாண்டாது. அடுக்குமாடிக்காரர் வாயில் இது குறையாக வருவதுதான் எனக்கு வியப்பு. சுவரைத் தாண்டாதது உங்கள் சிக்னல் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுச் சிக்னலும்தான். கான்கிரீட்டும் செங்கலும் உங்களுக்கு இலவசமாக வேலி போட்டுத் தருகின்றன. அலைவரிசைகளும் அங்கே நிறைய. ஃபோன், லேப்டாப், டிவி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டு, 2.4ஐக் கதவு மணிக்கும் ஸ்மார்ட் பல்புக்கும் விட்டுவிடலாம். ரவுட்டரைப் பீரோவுக்குப் பின்னாலும், செருப்பு அலமாரிக்குள்ளும், மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் வைத்துவிட்டுச் சுவரைக் குறை சொல்லாதீர்கள். இரும்பும் தண்ணீரும் சுவரைவிட மோசம்.

அப்படியும் கடைசி அறைக்கு எட்டவில்லை என்றால் பலரும் வாங்குவது, பிளக்கில் செருகும் ரிப்பீட்டர். விலை குறைவு என்பதைத் தவிர அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வந்ததை அதே அலைவரிசையில் அப்படியே திருப்பிச் சொல்வதால், ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு முறை இடம் பிடிக்கிறது. உங்கள் வேகம் பாதியாகும். நெரிசலோ அண்டை வீட்டாருக்கும் சேர்த்துக் கூடும். ஃபோனில் சிக்னல் கோடு முழுசாகத் தெரியும், அதில் ஒரு மனநிறைவு, அவ்வளவே.

என் தொழில்காரர்கள் பெரும்பாலோர் சொல்லும் பதில் பழையது: நகராத பொருளுக்குக் கேபிள் போடு. டிவி நகர்வதில்லை. மேசைக் கணினி நகர்வதில்லை. கேமரா நகர்வதில்லை. ஒரு கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு ஜிகாபிட்டைத் தடுமாறாமல் கொண்டுபோகும், இரு திசையிலும் ஒரே நேரத்தில், யாருக்காகவும் காத்திராமல். ஹாலில் இருக்கும் டிவி ஒன்றைக் கேபிளுக்கு மாற்றினால், ராத்திரி எட்டு மணிக்கு அந்த வீட்டின் சுமையில் பெரும்பங்கு காற்றிலிருந்து இறங்கிவிடும். பலன் உங்களுக்கும் உண்டு, மேல்வீட்டுக்கும் உண்டு. கடைசி அறைக்கும் ஒரு கேபிள் இழுத்து, அதன் முனையில் இரண்டாவது வைஃபை பெட்டியை வையுங்கள். ரிப்பீட்டருக்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை.

வேகம் போதும், ஆனாலும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு மட்டும் விட்டு விட்டு வருகிறது என்ற புகார் தனி ரகம். அதன் வேர் பாதையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. கோப்புகளும் படங்களும் பெரும்பாலும் டிசிபி என்ற நெறிமுறையில் போகின்றன. அனுப்பியதற்கெல்லாம் ரசீது கேட்கும், தொலைந்ததை மறுபடி அனுப்பும், ரசீதுகள் ஒழுங்காக வரும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். வழி நெரிந்தால் வேகத்தைக் குறைக்கும் நிதானம் அதற்குப் பட்ட பிறகு வந்தது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போன இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. கம்பி எதுவும் அறவில்லை. ரசீது வரத் தாமதமாக, எல்லாக் கணினிகளும் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி வழியை அடைத்துக்கொண்டன. வான் ஜேக்கப்சனும் மைக் கேரல்ஸும் 1988இல் வெளியிட்ட தீர்வு, பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று கொள், உடனே வேகத்தைக் குறை, பிறகு மெல்ல ஏறு என்பது. அதன் வழித்தோன்றல்கள்தான் இன்றைக்கும் உங்கள் ஃபோனுக்குள் ஓடுகின்றன.

ஆனால் நினைவகம் மலிவானதும் ரவுட்டர் செய்பவர்கள் பெரிய பெரிய காத்திருப்பு அறைகளைக் கட்டிவிட்டார்கள். பொட்டலம் தொலைவதே இல்லை, வரிசையில் நிற்கிறது. எதுவும் தொலையாததால் டிசிபியும் குறைப்பதில்லை. ஊருக்குப் போய் வந்த அப்பாவின் ஃபோன் இரண்டாயிரம் படங்களைக் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும் நேரத்தில், பிள்ளையின் வகுப்பு அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. வீடியோ அழைப்பு பெரும்பாலும் யுடிபியில் போவது. அதற்கு ரசீது வேண்டாம், நேரத்துக்கு வந்தால் போதும். நேரத்துக்குத்தான் வராது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இந்த நோயைக் கண்டு 2010 வாக்கில் உலகுக்குச் சொன்னார். மருந்து 300 திட்டத்தில் இல்லை. ரவுட்டரில் வரிசை மேலாண்மை வசதி இருந்தால் அதை இயக்கி, மேலே போகும் வேகத்தை உங்கள் திட்டத்தைவிடச் சற்றுக் குறைவாக வரம்பிடுங்கள். அந்த வசதி இல்லாதவர்கள் படங்களை நள்ளிரவுக்குத் தள்ளிவையுங்கள்.

சங்கத்தின் சொந்த வலையைப் பற்றியும் கொஞ்சம். கேமரா, இன்டர்காம், கிளப்ஹவுஸ் வைஃபை எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் மாட்டி வைத்திருப்பீர்கள். வலையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஓர் எண்ணை டிஎச்சிபி என்ற நெறிமுறை மூலம் ரவுட்டர் வழங்குகிறது. எண் வழங்குபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். யாராவது நல்லெண்ணத்தில் பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து தவறான துளையில் செருகினால் அதுவும் எண் வழங்கத் தொடங்கும். பாதிக் கேமரா திடீரென்று காணாமல் போகும். "நேற்றுவரை ஓடியதே" என்று எல்லோரும் தலையைச் சொறிவார்கள். வெளியூரிலிருந்து கேமராவை நேராகப் பார்க்க முடியவில்லை என்பது வேறு கதை. பழைய ஐபி முறையில் மொத்தமே 430 கோடிக்குச் சற்றுக் குறைவான முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் பல ஆபரேட்டர்கள் ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாக வைக்கிறார்கள், வெளியிலிருந்து தட்டினால் எந்தக் கதவு என்று தெரியாது. கேமரா பதிவுப் பெட்டியின் கடவுச்சொல் வாங்கியபோது இருந்ததே இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் லிஃப்ட் வாசலை நீங்கள் மட்டும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்திடம் நான் கேட்பது அதிகமில்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் யாரும் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விரிப்பதில்லை என்று ஒரு தீர்மானம். டிவிக்கும் கேமராவுக்கும் கேபிள் என்று ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வெள்ளையடிக்கும்போதோ சுவரை உடைக்கும்போதோ மாடிக்கு மாடி ஒரு காலிக் குழாய், உள்ளே ஒரு இழுகயிறு, அது போகும் வழி குறித்த படம் ஒன்று அலுவலகக் கோப்பில். குழாய் இருந்தும் எங்கே என்று தெரியாமல் வராண்டா முழுக்க வயர் தொங்கும் கட்டடங்களில்தான் என் பாதி நாள் கழிகிறது.

அப்புறம் எண் பங்கீடு. ஒரு மாடியில் வரிசையாக 1, 6, 11 என்று கொடுங்கள், அடுத்த மாடியில் 6, 11, 1, அதற்கும் அடுத்ததில் 11, 1, 6, பிறகு முதலிலிருந்து. இப்படி வைத்தால் பக்கத்து வீடும் மேல்வீடும் கீழ்வீடும் எவருக்கும் ஒரே எண்ணில் வராது. ரவுட்டரில் 'ஆட்டோ' என்றிருப்பதை எடுத்துவிட்டு எண்ணைக் கையால் பதியுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது தன்னிஷ்டத்துக்கு இடம் மாறிக்கொள்ளும். வீட்டு எண்ணும் அலைவரிசை எண்ணும் எழுதிய தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். வாடகைக்கு வருபவர்களுக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். புது ரவுட்டரோடு வருபவர்கள் அவர்கள்தான்.

அன்புடன்,
கேபிள் இழுத்துப் பிழைக்கும் ஒரு அடுக்குமாடிவாசி